வேகம் குறைந்த மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. புனேவில் வேலை, லீவு கிடைக்கவில்லையாம். அவருடைய அப்பாவும் அம்மாவும் குடியாத்தத்திலிருந்து மாதனூருக்குப் பூவும் பழமுமாக வந்திருந்தார்கள். அவர்களிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் போனில் வீடியோ கால் என்று முடிவானது. நான் போட்டிருந்தது அன்லிமிடெட் பிளான் ஆயிற்றே, என்ன கவலை?

அவர் முகம் வந்தது. ஒரு கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, தும்மப் போகிறவரைப் போல அப்படியே நின்றுவிட்டது. பையன் ரொம்ப அமைதி என்று அம்மா அபிப்பிராயம் சொன்னாள்.

காலையிலிருந்து அப்பா என் போனில் ஆட்டுப்பண்ணை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தார். எங்களிடம் ஓர் ஆடுகூடக் கிடையாது.

பின்கட்டுக்குப் போய் ரீசார்ஜ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். தினமும் ஒன்றரை ஜிபி வரைக்கும்தான் வேகம், அது தீர்ந்தால் நெட் நிற்காது, கம்பெனி வேகத்தைக் குறைத்துவிடும், மறுநாள்தான் பழையபடி வரும் என்று பொறுமையாக விளக்கினார்.

"அப்ப இன்னாண்ணா அன்லிமிடெட்டு?"

"நெட்டு அன்லிமிடெட்தாம்மா. ஸ்பீடுதான் கம்மி."

எவ்வளவு நேர்மை! நான் தையல் மிஷினில் உட்காரும் ஷூ கம்பெனியில், 'வேலையை நிறுத்தவில்லை சார், வேகத்தைத்தான் குறைத்திருக்கிறேன்' என்று சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது. தனியாக டேட்டா பேக் ஒன்று போடச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ். அந்த வேகத்திலும் எழுத்து மட்டும் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவீர்களா என்று கேட்டிருந்தார். போவேன் என்றேன். நல்லது என்றார். சமைக்கத் தெரியுமா என்று நான் கேட்டேன். 'இங்க நான்தான் சமைக்கிறேன். சாப்பிடறதும் நான் மட்டும்தான். அதனால இதுவரைக்கும் புகார் வரல.' சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவர்கள் மிக்சர் சாப்பிட்டபடி என்னையே பார்த்தார்கள்.

பேக் ஏறியது. மறுபடி கால் போட்டேன். இம்முறை படம் கண்ணாடி மாதிரி வந்தது. சார்ஜரை எடுக்க எழுந்தார் மாப்பிள்ளை. மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. அவருடைய அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். விசைத்தறி ஓட்டும் அவருடைய அப்பாவோ பெருமையோடு, "நம்ம தறியில ஓட்டினதுதான்" என்றார்.

சாயங்காலம் என் முடிவைக் கேட்டார்கள். சம்மதம் என்றேன்.