பிறகு கேட்ட சிரிப்பு

கடைத்தெருவில் கண்ணாடி வெட்டுகிறவனை எல்லோரும் ‘வெடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதிராளி வாயைத் திறப்பதற்குள் பதில் வந்து விழும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனிடம் ஒரு பேச்சிலும் அவன் மனைவி ஜெயித்ததில்லை.

ஒருநாள் கண்ணாடிச் சில்லு அவன் காலில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். கால் வீங்கி, காய்ச்சல் கொதித்து, பேச்சு குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தான். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. மூச்சுக்கு ஒரு மெஷின், சிறுநீரகத்துக்கு ஒரு மெஷின். எப்படியோ பிழைத்தான். ஆனால் மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் கண்ணைத் திறந்தபடி கூரையையே பார்த்துக் கிடந்தான்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். “கிருமி போயிடுச்சும்மா. ஆனா மூளைக்குள்ள வெள்ளைப் பகுதி அடிபட்டிருக்கு. ஒரு இடத்துச் சேதியை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோற இழைங்க அங்கதான் இருக்கு. ரொம்ப அபூர்வமாத்தான் இப்படி ஆகும்.”

“சரியாயிடுமா டாக்டர்?”

“கொஞ்சம் கொஞ்சமா தேறலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியல.”

தேறினான். வீட்டுக்குள் நடந்தான், தானே சாப்பிட்டான். கடையை அவள் தம்பி பார்த்துக்கொண்டான். “உப்பு போதுமா?” என்று கேட்பாள். பதில் இருக்காது. பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் “போதும்” என்று கேட்கும். தூக்கிவாரிப்போடும். நாளாக நாளாகக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் பக்கத்துக் கடைத் தச்சர் வந்தார். “ஒருத்தரு கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, இதுல மூஞ்சி நல்லாத் தெரியலன்னாரே! கேரண்டி கண்ணாடிக்குத்தான், மூஞ்சிக்கு இல்லன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?” தானே சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

உள்ளறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசல் அறையில் யாரோ சிரித்தார்கள். வயிறு குலுங்கும் அந்தப் பழைய சிரிப்பு. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடினாள். அதற்குள் சிரிப்பு அடங்கியிருந்தது. அவன் தச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன் எங்க?”

“அப்பவே போயிட்டாரு.”

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அவன் கேட்டான்: “என்னைப் பார்த்தா பயமா இருக்கா?”

அவன் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவளால் “ஆமா” என்று சொல்ல முடிந்தது.

இப்போதெல்லாம் எதையாவது கேட்டுவிட்டு அவள் நகர்வதில்லை, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சில கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை.