பம்ப் யார்கிட்ட இருக்குது?

இன்னிக்குக் காலைல எங்க காலேஜ் சைக்கிள் கிளப் தாமல் ஏரிக்குக் கிளம்புச்சு. யாசின் இல்லாத முதல் ரைடு. போன மாசம் பைபாஸ்ல லாரி மோதி அவன் செத்துப்போனதுக்கு அப்புறம் நாங்க யாரும் சைக்கிளையே தொடல.

எங்க கிளப்ல கடைசியா வர்றவன்தான் காத்தடிக்கிற பம்ப் எடுத்துக்கினு வரணும். யாருக்கு பஞ்சர் ஆனாலும் அவன் எப்படியும் வந்து சேர்ந்துடுவான் இல்ல?

அது எப்பவும் யாசின்தான். முன்னாடி வாடான்னா வரமாட்டான்.

"நான் முன்னாடி போயிட்டா, நீங்க விழுறப்ப யாருபா சிரிக்கிறது?"ம்பான்.

முசரவாக்கம் பக்கத்துல என் பின் டயர் புஸ்ஸுன்னு போச்சு. எல்லாரும் ஓரம் கட்டினோம். கதை பேசிக்கினு நின்னோம்.

கொஞ்ச நேரம் கழிச்சு பிரியாதான் கேட்டா: "நாம யாருக்காகப்பா நிக்கிறோம்?"

ஒருத்தர்கிட்டயும் பம்ப் இல்ல. எல்லாரும் வந்த ரோட்டையே பாத்துக்கினு இருந்திருக்கோம்.

எதிர்ல நாங்க வழக்கமா நிக்கிற டீக்கடை அண்ணன், "கடைசியா ஒரு தம்பி வருவாரே, அவருக்கும் சேத்துப் போடவா?"ன்னாரு.

நான், "போடுங்கண்ணா"ன்னுட்டேன்.

அந்த டீ ஆடை கட்டிப் போச்சு. பஞ்சர் கடை வரைக்கும் எல்லாரும் இறங்கியே தள்ளிக்கினு வந்தோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பம்ப் நான் கொண்டாரேன். கடைசியா வர்றதுக்குத்தான் ஆள் வேணும், கமென்ட்ல சொல்லுங்க.

நாங்க விழுந்தா சிரிக்கத் தெரிஞ்சிருக்கணும்.