நண்டு வலைக்குக் கேட்ட நூல்

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் நூல் ஸ்டோர் ஆறுச்சாமியின் பொறுப்பில் இருந்தது. கோனிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் போதும், அது எந்தத் தையலுக்கு ஆகும், எவ்வளவு இழுவை தாங்கும் என்று சொல்லிவிடுவார். டெய்லர்களுக்குள் நூலைப் பற்றித் தகராறு வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு.

1986 பொங்கல் லீவில் கம்பெனி ஆட்களை வேளாங்கண்ணிக்கு டூர் கூட்டிப்போனார்கள். அப்படியே கோடியக்கரைக்கும் பஸ் போயிற்று. மற்றவர்கள் மான் பார்க்கக் காட்டுக்குள் நுழைய, ஆறுச்சாமி சதுப்பின் கரையிலேயே நின்றுவிட்டார். தூரத்தில், தண்ணீருக்கு மேலே வெளுத்த சிவப்பில் நீளமாக ஏதோ கிடந்தது. மேகத்தின் நிழல் என்று நினைத்தார். அது எழும்பிப் பறந்தபோதுதான் அத்தனையும் பூநாரைகள் என்று தெரிந்தது. அன்று அவரால் பஸ் அரைமணி நேரம் தாமதம். எல்லோரிடமும் வசவு வாங்கினார்.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கல் லீவுக்கும் கோடியக்கரைதான். பழைய பைனாகுலர் ஒன்று, பறவைகளைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு. "பண்டிகைக்கு ஊட்டுல தங்காத ஆளு இந்தச் சந்துலயே நீங்க ஒருத்தர்தானுங்க" என்பாள் மனைவி முத்தாத்தாள். சொல்லிக்கொண்டே புளிச்சோறும் கட்டித் தருவாள்.

அங்கே அவருக்கு அமைந்த துணை வெள்ளையன், உப்பளத் தொழிலாளி. எந்தப் பறவை எப்போது எந்தப் பாத்தியில் இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. தன் வீட்டிலேயே ஆறுச்சாமிக்குப் படுக்க இடம் கொடுத்து மீன் குழம்பும் ஊற்றுவார். ஆறுச்சாமிக்கு ஒரே ஒரு ஏக்கம்: கரண்டிமூக்கு உள்ளானைப் பார்க்க வேண்டும். சிட்டுக்குருவி அளவுப் பறவை. அலகின் நுனி மட்டும் சின்னக் கரண்டிபோல விரிந்திருக்கும். ஆயிரக்கணக்கான உள்ளான்களுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ வந்தால் உண்டு. ஐந்து வருஷம் தேடியும் கண்ணில் படவில்லை.

1991-இல் வெள்ளையன் கேட்டார்: "சார், ஒங்க ஊர்ல மெல்லிசா நைலான் நூல் கெடைக்குமாமே? சேத்து நெறத்துல இருந்தா ரெண்டு கோன் கொண்டாங்களேன்."

"எதுக்குங்க?"

"நண்டு வலைக்கு. அடுத்த வருஷம் வாங்க, நீங்க தேடுற குருவிய நான் காட்டுறேன்."

அந்த மெல்லிய நூலில் நண்டு ஒரு நிமிஷம்கூட நிற்காது. கடித்துத் துண்டாக்கிவிடும். அது ஆறுச்சாமிக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுவருஷம், நிறம் தப்பியதென்று கம்பெனி கழித்துப்போட்ட சாம்பல் நிறக் கோன் இரண்டைச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் காலை வெள்ளையன் அவரைத் தோளில் தட்டி, ஒரு பாத்தியின் ஓரத்தைக் காட்டினார். அந்தப் பறவை சேற்றில் அலகை இப்படியும் அப்படியும் ஆட்டி மேய்ந்துகொண்டிருந்தது. ஆறுச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

1993-இல் விடிந்ததும் வெள்ளையனை எழுப்பாமல் தனியாக வேறொரு வரப்பில் நடந்தார். முழங்கால் உயரத்தில் ஏதோ படபடவென்று துடித்தது. கிட்டே போனபோதுதான் வலை தெரிந்தது. பதினோரு உள்ளான்கள் தொங்கின. இழையை விரலால் தொட்டார். உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சட்டைப்பையில் நூல் கத்தரிக்கும் ட்ரிம்மர் இருந்தது. இறகில் இறுகிய நூலை ஒவ்வொன்றாக வெட்டினார். நான்கு பறந்தன. ஏழு பறக்கவில்லை. அப்போது, சிக்கியதைக் கறிக்கு எடுத்துப்போக வெள்ளையன் ஒரு பையோடு வந்து நின்றார்.

"நண்டு வலைன்னு சொன்னீங்களேங்க" என்றார் ஆறுச்சாமி.

வெள்ளையனுக்குக் கோபம் வரவில்லை. "நூலே தொழிலா இருக்கிறவரு நீங்க. இதுல நண்டு நிக்குமா சார்? தெரிஞ்சுதான் குடுக்குறீங்கன்னு நெனச்சேன்."

ஆறுச்சாமி ட்ரிம்மரைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

"இன்னும் எத்தனை வலை இருக்குதுங்க?"

"ஒம்பது போட்டோம். அஞ்சாறு ஆளு பிரிச்சுக்கிட்டாங்க. எங்கெங்கன்னு எனக்கே தெரியாது."

இதையும் சேர்த்து மூன்று வலை இருக்கும் இடம் வெள்ளையனுக்குத் தெரிந்திருந்தது. அவரே வந்து பிடுங்கிக் கொடுத்தார். மற்றதற்கு ஆறுச்சாமி வனத்துறை அலுவலகத்துக்குப் போய், நூல் கொண்டுவந்தது தான்தான் என்று சொன்னார். யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். சோறு போட்டவன் பெயர் வாயில் வரவில்லை. அதுவும் ஒரு தப்பாக அவர் மனதில் தங்கிவிட்டது. தேடப்போன காவலர்களோடு அவரும் இரண்டு நாள் அலைந்தார். இன்னும் மூன்று கிடைத்தன.

ஊர் திரும்பி வேலைக்குப் போனார். ஸ்டோரில் சாம்பல் நிறக் கோன் வந்தால் வேறு ஆளை எடுத்து வைக்கச் சொன்னார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லி முடித்தார்.

"அந்தாளு ஏமாத்திட்டாருன்னு சொல்லுங்க" என்றாள் முத்தாத்தாள்.

"இல்லெ முத்தாத்தா. நா ஏமாறல. அந்தக் குருவியப் பாக்கோணும்னு வாய மூடிக்கிட்டேன்."

அடுத்த பொங்கலுக்குத் தானும் கோடியக்கரைக்கு வருவதாக அவள் சொன்னாள்.

வந்தாள். காவலர் ஒருவரோடு இருவரும் நான்கு நாள் உப்பள வரப்புகளில் நடந்தார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து, துணியின் ஓட்டையைத் தேடிப் பழகிய கண் அவளுக்கு. இரண்டாம் நாள் மாலை ஒரு வலையை அவள்தான் முதலில் கண்டாள். காலியாக இருந்தது. ஆறுச்சாமி அதைச் சுருட்டிக் காவலரிடம் கொடுத்தார்.

"ஏனுங்க, இன்னும் ரெண்டுதானுங்களே?"

"நம்ம நூல்ல ரெண்டு. மத்த நூல்ல எத்தனையோ."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வரப்பில் ஏறினாள்.