சாயத்தண்ணியில் வளர்ந்தவள்

மகளுக்குப் பதின்மூன்று வயதில் சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் சொந்தத்தில் எல்லோரும் டாக்டர்கள். போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் என் நாத்தனார் காலையும் மாலையும் வந்து அவளை ஏற இறங்கப் பார்ப்பார். "வாயக் கட்டியிருந்தா இந்த வயசுல இது வருமா?" என்று அவள் எதிரிலேயே சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். சண்டை போடத் தெம்பில்லை. பாத்திரத்தை நங்கென்று வைப்பதோடு சரி.

மகள் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன டப்பா அப்படியே திரும்பி வந்தது. கெஞ்சினேன், திட்டினேன். "நான் தின்னுதானே நோவு வந்துச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார், இவள் வயிற்றில் இருந்தபோது நீ என்ன சாப்பிட்டாய் என்று.

என்னத்தைச் சொல்ல? சுனாமி வந்தபோது நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு அப்போது மூன்று மாதம். மேட்டுக்கு ஓடித் தப்பினோம். பிறகு கப்பலேற்றி போர்ட் பிளேரில் ஒரு முகாமில் விட்டார்கள். தினமும் கிச்சடி. அந்த வாடைக்கே எனக்குக் குமட்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்களோடு வந்த பழக்கம் ஒன்று உண்டு. சாயத்தண்ணி என்கிற பால் விடாத டீ, உள்ளங்கையில் சீனி. சீனியை நக்கிக்கொண்டு குடித்தால் பசி அடங்கிவிடும். அதைத் தெம்பு என்றே நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். பிரசவம் வரை பெரும்பாலும் அதுதான் எனக்குச் சாப்பாடு. பிள்ளை பூனைக்குட்டி மாதிரி பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் வாயை அடைக்க, அதே சாயத்தண்ணியில் பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டி ஊட்டியே கொழுகொழுவென்று ஆக்கினோம். ஊட்டியதில் பாதி நாத்தனார் கைதான்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குப் பஞ்சம் தெரிந்துவிடும். கொஞ்சத்தை வைத்துப் பிழைக்க உடம்பைப் பழக்கிக்கொள்ளும். அப்புறம் நிறையக் கொட்டினால் அந்த உடம்புக்குச் சமாளிக்க வராது. இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இவள் மேல் தப்பில்லை. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அளவாக" என்றார்.

அப்படியானால் தப்பு என் மேலா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சலித்துப்போயிருந்தது. என் மேலேயே இருக்கட்டும், அவள் சாப்பிட்டால் போதும்.

ஆட்டோவில் வரும்போது அவளாகவே கேட்டாள். "மேட்டுக்கு ஓடுனீங்களே, அப்ப நானும் இருந்தேனாம்மா?"

"ஆமா. வயித்துல."

அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இனி என்னை வெறுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே நாத்தனார் நின்றிருந்தார். "என்னவாம்? வாயக் கட்டச் சொன்னாங்களா?"

மகள் நேராக உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அரே அத்தே, நான் தின்னு கெட்டவ இல்ல. நானும் சுனாமில பட்டினி கெடந்தவ. டாக்டர் மேடமே சொல்லிட்டாங்க. அம்மா, சோறு போடு."

அளவாகத்தான் போட்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவளுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதேன்.