பச்சை என்பது பாதிதான்

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். எட்டாம் மாதமே பிறந்துவிட்டவள், வேறென்ன பெயர் வைப்பார்கள்? வைத்தது அக்கா, அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அதே அக்காதான் யார் எது சொன்னாலும், "இருங்க, என் தங்கச்சியக் கேட்டுடறேன்" என்பாள். தங்கை சரி என்றால் சரி. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

இந்தப் பொறுமைசாலிக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: காத்திருப்பது. பிளாக்செயின் என்னும் மின்கணக்கேடுகளை நடத்தும் பல வலையமைப்புகளுக்கும் பொதுவாகக் கணக்குத் தீர்க்கும் தளம் ஒன்றை அவள் கண்காணிக்கிறாள். ஒவ்வொரு வலையமைப்பும் தன் பரிமாற்றங்களை விரித்துக் காட்டாமல், எல்லாம் சரி என்பதற்கு ஒரு கணிதச் சான்றை மட்டும் அனுப்பும். எல்லாருடைய சான்றுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தளத்தில் ஏற்றினால்தான் காரியம் முடிந்ததாக அர்த்தம். திரையில் பச்சை வந்தால் பரிமாற்றம் வந்து சேர்ந்தது. நீலம் வந்தால்தான் கணக்குத் தீர்ந்தது. புதிதாக வருகிறவர்களுக்காக 'பச்சை என்பது பாதிதான்' என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியவளும் அவளேதான்.

அன்று அக்கா வீடு மாறினாள். பழைய வீட்டின் பதிவு ஒரு வலையமைப்பில், புது வீட்டினுடையது இன்னொன்றில். இரண்டும் இந்தத் தளத்தில் தீர்ந்தால்தான் புதுக் கட்டிடத்து மேலாளர் சாவி தருவார். மதியம் பச்சை வந்தது. கண் பார்ப்பதற்குள் கை போனுக்குப் போய்விட்டது.

"அக்கா, முடிஞ்சிடுச்சு! பழைய வீட்டுச் சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு!"

அக்கா மறுகேள்வி கேட்கவில்லை. பழைய வீட்டை வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடும் சாமான்களோடும் லாரி ஏறினாள்.

நீலம் வரவில்லை. அன்றைக்கென்று பார்த்து இணைய விளையாட்டுகளுக்கான ஒரு வலையமைப்பு மலையளவு வேலையைக் கொண்டுவந்து அதே மூட்டையில் சேர்த்திருந்தது. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி எழுந்தாள். வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு நகரவே இல்லை. போன் அடித்தது.

"பதிவு இன்னும் வந்து சேரலைங்கறாரு மேனேஜரு. ஆபீஸ மூடப் போறாராம், அப்புறம் ரெண்டு நாள் லீவாம். லாரிக்காரரு எல்லாத்தையும் ரோட்டுலயே இறக்கிட்டுப் போயிட்டாரு. பசங்க சோஃபா மேல உக்காந்திருக்காங்க. நீ முடிஞ்சிடுச்சுன்னுதானடி சொன்னே?"

"வந்துடும்க்கா" என்று போனை வைத்தாள். 'மறுபடி தொடங்கு' என்ற பொத்தானுக்கு மேல் அம்புக்குறி தானாகப் போய் நின்றது. போன மாதமும் இப்படித்தான், கோடு நகரவில்லை என்று அழுத்தித் தொலைத்தாள். இயந்திரம் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. முக்கால்வாசி முடிந்த வேலை மண்ணாய்ப் போய், எல்லா வலையமைப்புகளும் முதலிலிருந்து காத்துக் கிடந்தன.

"தொட்டுடாதீங்க மேடம்" என்றார் பக்கத்து இருக்கைக் கண்ணாடிக்காரர். "எல்லாரோட மூட்டையும் அவுந்துடும்."

"அப்ப நீங்க இங்க உக்காருங்க. நான் இருந்தா கண்டிப்பா தொட்டுடுவேன்." கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

புதுக் கட்டிடத்தின் முன் நடைபாதையில் ஃபிரிட்ஜ், மெத்தை, கவிழ்த்து வைத்த மேசை. சோஃபாவில் பிள்ளைகள் சண்டை போட்டு ஓய்ந்திருந்தார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மேலாளர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது வந்து சேந்ததுதான். தீரலை. ஊருக்கெல்லாம் சொல்ற நானே பச்சையப் பாத்துட்டு முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடதுக்கா."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மெத்தை மேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் போர்த்தினாள்.

முதல் தூறல் விழும்போது போன் அடித்தது. "நீலம் வந்துடுச்சு மேடம்" என்றார் கண்ணாடிக்காரர். அவர் வாயாலேயே இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஓடிப்போய் சோஃபாவின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அக்கா, முடிஞ்சிடுச்சு! அந்தப் பக்கம் தூக்கு!"

அக்கா தூக்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி ஷட்டர் பக்கம் நடந்தாள்.

"சார், உங்களுக்கு வந்துடுச்சாங்க?" என்று கேட்டாள்.