மவுண்டிங் ரப்பரும் அச்சப்பமும்

பாறசாலையில் பொன்னுதாஸின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இருக்கவில்லை. எந்த வண்டியாவது காரணமில்லாமல் நடுங்கினால் நேராக அங்கேதான் கொண்டுபோவார்கள். நாற்பத்தாறு வயதில் அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. மதியம் பொழியூர் மீன் போட்ட குழம்பு, சாப்பிட்டதும் அரைமணி நேரத் தூக்கம். மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். கூடவே தொழிலில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை அவர் மறைத்ததுமில்லை.

தொண்ணூற்று நாலில் தங்கை விலாசினியின் மகள் லேகாவுக்குக் கல்யாணம் நடந்தது. விலாசினியின் கணவர் இறந்தபிறகு லேகாவுக்கு அப்பன் இடத்தில் நின்றவர் தாய்மாமன் பொன்னுதாஸ்தான். மாப்பிள்ளை வீடு வெள்ளறடைக்கு மேலே ஒரு குன்றில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுக்களை காணல். பெண்வீட்டார் பாத்திரமும் பலகாரமுமாகப் போய், மகள் இனி சமைக்கப்போகும் அடுக்களையைப் பார்த்து வரும் சடங்கு. பலகார டின்னைப் பெண்ணின் மாமன் எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும். உள்ளே உடைந்து கிடந்தால் அங்குள்ள பெண்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். புதுப்பெண் ஒரு வருஷம் தலைகுனிந்து நடக்க அந்தப் பார்வை போதும்.

விலாசினியோ நான்கு நாள் அடுப்படியில் வெந்து அச்சப்பம் சுட்டு வைத்திருந்தாள். பூப்போன்ற அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தது, கை பட்டாலே நொறுங்கும்.

"அண்ணா, ஒண்ணுகூட உடையப்பிடாது, கேட்டியா."

"பின்னே நான் எதுக்கு உண்டு?" என்றார் பொன்னுதாஸ்.

அந்தக் குன்றில் ஏறக்கூடிய வண்டி குட்டப்பனின் ஜீப் ஒன்றுதான். நான்கு சக்கரமும் இழுக்கும், பாறையானாலும் சேறானாலும் நிற்காது. ஆனால் ஒரு மாதமாக அதில் ஏறியவர்களுக்குப் பல் ஆடியது. சனிக்கிழமை பொன்னுதாஸ் பானெட்டைத் திறந்து கீழே குனிந்து பார்த்தார். எஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய மவுண்டிங் ரப்பரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பழுப்பாக ஏதோ பிசுபிசுத்து வழிந்தது. இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டு கிடந்தன.

"எலே குட்டப்பா, என்னதுல இது?"

"ஷீட்டாக்கும் ஆசானே. நம்ம சொந்த மரத்துப் பாலு. நாலா மடிச்சு வச்சேன்." குட்டப்பனுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு. "கடையில விக்கிய ரப்பரும் இதுதானே?"

"இது வேகாத ரப்பராக்கும். எஞ்சின் சூட்டுக்குப் பசையாப் போவும். பச்ச மாவத் தின்னுட்டு தோசைன்னு சொல்லுவியால?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பொன்னுதாஸ் அன்றே மார்த்தாண்டம் போய்ப் புதிய மவுண்டிங் வாங்கிவந்தார்.

ஞாயிறு காலை எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தூக்கி, பிசினைச் சுரண்டி, புது ரப்பர்களைப் பொருத்தினார். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. நட்டுகளைப் பாதி மட்டும் முறுக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். அது ஆடி ஆடித் தன் இடத்தைத் தானே பிடித்து உட்கார்ந்த பிறகுதான் முழுதாக முறுக்க வேண்டும். முதலிலேயே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு நிற்கும், நடுக்கம் போகாது. இதைச் செய்யாதவர்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அன்றைக்கு விலாசினி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். அவரும் குளித்து வெள்ளை வேட்டி கட்ட வேண்டும். நான்கு நட்டையும் ஒரே மூச்சில் இறுக்கிவிட்டு எழுந்தார்.

மாமன் என்ற மரியாதையில் முன்சீட் அவருக்கு. டின்னை மடியில் அணைத்துக்கொண்டு விலாசினி பின்னால் இருந்தாள். காரக்கோணம் தாண்டியதும் அவள் குரல் கொடுத்தாள்.

"அண்ணா, டின்னு கிடுகிடுங்குது."

"ரோட்டுக் குழியாக்கும். பேசாம இரி."

பனச்சமூடு வந்தது. அங்கே ரோடு நன்றாகவே இருந்தது. டின் அப்போதும் கிடுகிடுத்தது. பொன்னுதாஸ் டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நிறுத்துல."

"ஒண்ணும் பயப்படண்டாம் ஆசானே, பைய போவலாம்," என்றான் குட்டப்பன்.

"பைய போனாலும் உடையும். தப்பு என்மேலயாக்கும்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து குட்டப்பன் கேட்டதில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சட்டையைக் கழற்றி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனார். நட்டுகளைத் தளர்த்தினார். எஞ்சினை ஓடவிட்டார். அது நாலு குலுக்குக் குலுக்கி அடங்கி உட்கார்ந்தது. பிறகு முறுக்கினார். வெளியே வந்தபோது வேட்டியில் கரி இருந்தது, மனதில் பெரிய நிம்மதி இருந்தது. ஜீப் குன்றில் ஏறியபோது டின் மூச்சு விடவில்லை.

ஆனால் பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரை என்ன நடந்ததோ! டின் மூடியைச் சுற்றிக் காகிதம் இறுக்கி ஒட்டியிருந்ததால் வழியில் பார்க்கவும் முடியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா விஜயம்மா பாய் விரித்து உட்காரவைத்தாள். லேகா அடுக்களை வாசலில் நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பொன்னுதாஸ் காகிதத்தைக் கிழித்து, டின்னைத் தன் பக்கம் சாய்த்து மூடியைத் திறந்தார். மேலடுக்கில் இரண்டு அச்சப்பம் துண்டு துண்டாகக் கிடந்தன. அதற்குக் கீழே அத்தனையும் முழுசு.

அவர் யோசிக்கவே இல்லை. உடைந்த துண்டுகளை ஒரே கைப்பிடியாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின.

கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. "பெண்ணுக்க மாமனுக்கு நல்ல பசி போலுக்கு! நமக்கு மிச்சம் வைப்பாரா?" என்றாள் விஜயம்மா. பொன்னுதாஸ் வாய் நிறைய மென்றபடி வைப்பேன் என்று தலையாட்டினார். சிரித்துக்கொண்டே அவர்கள் தட்டுகளை நீட்டினார்கள். ஒவ்வொரு தட்டிலும் முழு அச்சப்பம் விழுந்தது. லேகாவும் சிரித்தாள்.

விலாசினி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் ஓர் அச்சப்பத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

"இது முழுசாக்கும் அண்ணா," என்றாள் மெதுவாக. "இதயும் தின்னு."