அடிக்கரண்டி

சட்டியக்காவுக்குப் பயம் என்பது இன்று நேற்று வந்ததல்ல. அடுப்பின் வால்வை மூடிவிட்டு வாசல்வரை போவாள், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள், மறுபடி போவாள். பேருந்துப் பணிமனையின் உணவுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக நாற்பது பேருக்குச் சமைக்கிறாள். அவள் கை பட்ட சாப்பாட்டால் ஒருத்தருக்கும் வயிறு கெட்டதில்லை என்று யாராவது புகழ்ந்தால், "அப்படிச் சொல்லாதீங்கப்பா, இன்னைக்குச் சமையல் இன்னும் முடியல" என்பாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு வார்ப்பிரும்புச் சட்டியால். மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து பணிமனைக்கு வந்தது. காலியாக இருக்கும்போதே தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதை எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. முதல் மாதம் இரண்டு முறை துருப்பிடிக்க விட்டாள், மூன்று முறை அடிப்பிடிக்க விட்டாள், அப்புறம்தான் அதன் குணம் பிடிபட்டது. கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். சூடேறிய இரும்பில் வெந்நீர் தவிர வேறு நீர் ஊற்றக்கூடாது.

வியாழக்கிழமைகளில் அந்தச் சட்டியில் ஹாமும் பீன்ஸும் வேகும். காய்ந்த வெள்ளை பீன்ஸ் கொட்டைகளை முந்தைய நாளே ஊறப்போட்டு விடுவாள். உப்பில் ஊறிப் புகையில் காய்ந்த பன்றித் தொடைக்கறியை எலும்போடு சட்டியில் இறக்கி, சிறு தீயில் நாலு மணி நேரம். கறியின் உப்பு முழுக்க இறங்கும்வரை தனியாக உப்புப் போட மாட்டாள். வெந்த கறி நார்நாராகப் பிரிந்து அடியில் போய்ப் படியும். சாறு மேலே நிற்கும், ருசி அடியில் கிடக்கும்.

அந்த அடிக்கரண்டி அவள் புருஷனுக்கு. அவர் அதே பணிமனையில் ஓட்டுநர். பத்தே முக்கால் வண்டியை மலையடிவார நிலையம்வரை கொண்டுபோய், அங்கேதான் சாப்பிடுவார். மெல்லாமல் விழுங்குவதால் சக ஓட்டுநர்கள் அவருக்கு 'முழுங்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய டப்பாவுக்கு மட்டும் அக்கா கரண்டியைத் தரைதட்டும்வரை இறக்கி அள்ளுவாள்.

"அடிக்கரண்டி மாமாவுக்கு மட்டும்தானா அக்கா?" என்று கேலி செய்வார்கள்.

"என்னைக் கட்டியிருந்தா உனக்கும் கிடைச்சிருக்கும். போ, வரிசையில நில்லு."

அந்த வியாழக்கிழமை காலை ஆறரைக்கு, சட்டியின் மூடி அவள் கையிலிருந்து நழுவி விளிம்பில் மோதியது. டங் என்றது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பை வெளிப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கொதி வந்துகொண்டிருந்ததால் ஆவியில் உட்பக்கம் தெரியவில்லை. வேலை நடந்தது. பத்தரைக்கு முழுங்கியின் டப்பாவை நிரப்பிக் கொடுத்தனுப்பினாள்.

பதினோரு மணிக்கு, மற்றவர்களுக்குப் பரிமாறும் முன் விளிம்பைத் துணியால் துடைத்தபோது துணி மாட்டியது. விரலை வைத்தாள். விரல் கீறி ரத்தம் வந்தது.

விளிம்பின் உட்பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சட்டி முழுக்கக் கரிக்கறுப்பு. அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. பழைய உடைசலாக இருந்தால் கறுத்திருக்கும். இது இன்றைக்கு உடைந்தது.

அடுப்படியைப் பெருக்கினாள். அடுப்பை நகர்த்திப் பெருக்கினாள். குப்பையைக் கையால் அளைந்தாள். இல்லை. உள்பக்கம் உடைந்தது உள்ளேதான் விழும் என்பது தெரிந்தும், தரையிலேயே கிடைத்துவிடாதா என்று இன்னொரு தரம் பெருக்கினாள். அப்புறம் பட்டறைக்கு ஓடினாள்.

"அண்ணே, எஞ்சினுக்கடியில விழுற போல்ட்டை எடுப்பீங்களே, அந்தக் காந்தம் வேணும்."

ஃபோர்மேன் அவள் முகத்தைப் பார்த்தார். காந்தத்தைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தார். புதிய பிளாஸ்டிக் பையில் அதைச் சுற்றினாள்.

"இந்த இரும்பை இது பிடிக்குமா அண்ணே?"

அவர் காந்தத்தைச் சட்டியின் பக்கவாட்டில் காட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுக்க அவருக்கே பலம் வேண்டியிருந்தது.

பீன்ஸைத் தட்டுத் தட்டாக மெல்லிசாகப் பரப்பினார்கள். ஒவ்வொரு தட்டிலும் காந்தத்தைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்தாள். பதினேழு தட்டு. சட்டியின் அடியைக் கடைசியில் வழித்து அதிலும் இழுத்தாள். காந்தம் வெறுமனே வந்தது.

"அப்பாடா, ஒண்ணுமில்ல. நல்லவேளை தங்கச்சி" என்றார் ஃபோர்மேன்.

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். அடுப்படியில் இல்லை, தட்டுகளில் இல்லை, சட்டியில் இல்லை. இதுவரை வெளியே போனது ஒரே ஒரு டப்பா. இரும்பு மிதக்காது, அடியில்தான் கிடந்திருக்கும். அடியைச் சுரண்டிச் சுரண்டி அள்ளிக் கொடுத்தது அவள் கை.

"அண்ணே," என்றாள். "அவருக்கு... அடிக்கரண்டி."

வண்டி ஓட்டும்போது கைபேசியை அணைத்து வைப்பது பணிமனை விதி. மலையடிவார நிலையத்துத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வண்டி அங்கே சேருவது பன்னிரண்டு பத்துக்கு. இப்போது பதினொன்று இருபத்தைந்து.

"யாரும் இதைத் தொடக்கூடாது. எல்லாருக்கும் ரொட்டியும் முட்டையும் கொடு" என்று பாத்திரம் கழுவுகிறவளிடம் சொல்லிவிட்டு, ஃபோர்மேனின் பழுதுநீக்கும் வேனில் ஏறினாள். காந்தம் கையிலேயே இருந்தது.

ரயில்வே கேட்டில் எட்டு நிமிஷம் போனது. சரக்கு ரயில் பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. அவள் மனதுக்குள் அவர் டப்பாவைத் திறந்தார், கரண்டியை எடுத்தார், விழுங்கினார், மறுபடி திறந்தார்.

"பதறாத தங்கச்சி. இரும்புச் சத்து நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க" என்றார் ஃபோர்மேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில், அவர் கேட்டுப் பக்கம் திரும்பி ஹாரனை அடித்தார்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நிலையத்துப் படிக்கட்டில் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முழுங்கி பல்குத்தியோடு எழுந்து வந்தார். "என்னடி, நீ எங்க இங்க?"

"சாப்பிட்டுட்டீங்களா?"

"ஆச்சு. இன்னைக்குக் கறி தூக்கல்."

"எதுவும் கடிபட்டுச்சா? கல்லு மாதிரி?"

"கடிச்சாத்தானே கடிபடுறதுக்கு" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

விஷயத்தை ஃபோர்மேன்தான் சொன்னார். திரும்பும் வண்டிக்கு வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்துவிட்டு, மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே படத்தில், இரைப்பையின் சாம்பல் மூட்டத்துக்கு நடுவே, வெள்ளையாக ஒரு துண்டு. அளவு அவளுக்குத் தெரிந்த அளவு. வடிவமும் தெரிந்த வடிவம். அவள் விரலைக் கீறிய பள்ளத்தின் மறுபாதி.

"தொண்டையைத் தாண்டிடுச்சு, அது நல்லது" என்றார் டாக்டர். "ஆனா ஒரு முனை கூரா இருக்கு. பெரும்பாலும் தானா வெளிய போயிடும். வயித்துவலி வந்தாலோ, வாந்தியில ரத்தம் வந்தாலோ, கறுப்பா போனாலோ ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓடி வாங்க. இல்லன்னா சனிக்கிழமை இன்னொரு படம் எடுப்போம்."

இரண்டு நாள். அவர் ஏப்பம் விட்டால் அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இருமினால் ஓடி வந்தாள். பேசாமல் இருந்தால் அதற்கும் ஓடி வந்தாள்.

"ஏங்க, வலிக்குதா?"

"நீ கேக்குறப்பதான் வலிக்குற மாதிரி இருக்கு. போய் வேலையப் பாரு."

காந்தத்தைக் காட்டி, "இதை வயித்து மேல வெச்சா வெளிய இழுத்துடுமோ?" என்று வேடிக்கை செய்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அன்றைக்கே ஃபோர்மேனிடம் கொடுத்துவிட்டாள். கஞ்சியாகவே கரைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கரண்டியையும் முதலில் தன் வாயில் வைத்து நாக்கால் துழாவிப் பார்த்தாள். கழிப்பறைக்கு வெளியே நின்று, "என்னங்க, என்ன நிறம்?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டுக்கும் கேக்குற மாதிரி கத்து" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவர் இப்படிப் பேசப் பேச அவளுக்குக் கோபம் வந்தது. தன் கையால் அள்ளிப் போட்ட இரும்பு இவர் குடலில் எந்த வளைவில் சிக்கியிருக்கிறதோ, இந்த மனுஷருக்கு ஒரு துளி பயம் இல்லையே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டினார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"எதுவும் இல்லம்மா. போயிடுச்சு. குடல் சுத்தமா இருக்கு."

பின்னால் பொத்தென்று சத்தம் கேட்டது. திரும்பினால், முழுங்கி நாற்காலியைத் தவறவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளா கண்ணை மூடலடி."

"குறட்டை விட்டீங்களே? நான்தான் கேட்டுக்கிட்டே கிடந்தேன்."

"குறட்டைச் சத்தம் கேட்டா நீயாவது தூங்குவேன்னு பார்த்தேன்" என்றார் அவர்.